கண்ணாடிப் பேழையும் தவளையின் தோலும்: வளர்ப்புத் தவளை உறைவிடத்தின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

வளர்ப்புத் தவளையின் உறைவிடம் ஐரோப்பிய வீடுகளில் கண்ணாடிச் சாடியாகத் தொடங்கியது. பின்னர்ப் பெரணிப் பேழை, ஆய்வகத் தொட்டி ஆகிய வடிவங்களைக் கடந்து, இன்று நோய் புகாத சரக்குப் பெட்டகம் வரை வந்துள்ளது. இம்மாற்றத்தைக் கண்ணாடி, வெப்பமூட்டி, விளக்கு ஆகிய கருவிகளின் வளர்ச்சியாக மட்டும் காண்பது போதாது. தவளையின் தோல் பற்றிய அறிவோடு அதை இணைத்துப் பார்க்கும்போது வேறொரு வரலாறு புலப்படுகிறது. பேழைக்குள் என்ன செல்ல வேண்டும் என்ற வினாவிற்கு இரு நூற்றாண்டுகள் விடை தேடப்பட்டது. பேழையிலிருந்து என்ன வெளியேறுகிறது என்ற வினாவோ 1998க்குப் பிறகே உரிய அழுத்தத்துடன் எழுந்தது. இத்தாமதத்தின் பின்னணியையும் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வளர்ப்புத் தவளை, கண்ணாடிப் பேழை, இருவாழ்விகள், தோல், கைட்ரிட் பூஞ்சை, கழிவுநீர்.

முன்னுரை

வளர்ப்பு விலங்கின் உறைவிடம் பெரும்பாலும் அவ்விலங்கு வெளியேறாமல் தடுக்கும் வேலியாகவே அமைகிறது. கிளிக் கூண்டின் கம்பிகளுக்கு வேறு பணியில்லை; காற்றும் ஒளியும் அவற்றினூடே தடையின்றிச் செல்கின்றன. தவளையின் உறைவிடம் இவ்வகையைச் சேர்ந்ததன்று. தவளை நீரை வாயால் அருந்துவதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. மூச்சின் ஒரு பகுதியும் தோல் வழியே நிகழ்கிறது. உடலின் உப்புச் சமநிலையும் தோலைச் சார்ந்ததே. உலர்ந்த அறையில் கம்பிக் கூண்டுக்குள் கிளி நலமாக வாழும்; தவளை நீரிழந்து மடியும். எனவே தவளைக்கு உறைவிடம் அமைப்பவர் உண்மையில் ஈரத்தை அடைத்து வைக்க முயல்கிறார். தவளையை அடைத்து வைப்பது அதன் உடன்விளைவு.

ஆய்வகத் தவளை, வளர்ப்புத் தவளை என்ற பிரிவினை இவ்வரலாற்றில் உறுதியானதன்று. ஆய்வாளர் தம் அறையில் வளர்த்த தவளை அறிவியலுக்குப் பயன்பட்டது. ஆய்வகத் தொட்டியில் இருந்த இனம் வீட்டுத் தொட்டிக்கும் வந்தது. ஆகவே இரண்டும் இங்கு ஒருசேரக் கருதப்படுகின்றன.

கோட்டிங்கனில் ஒரு மரத்தவளை

ஆங்கிலேய இயற்கையியலாளர் ராபர்ட் டவுன்சன் 1790களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பயின்றார். அங்கிருந்தபோது இருவாழ்விகளின் மூச்சு, நீர்த்தேவை ஆகியவற்றை ஆராய்ந்தார். அவருடைய ஆய்வுகள் 1794, 1795 ஆகிய ஆண்டுகளில் இலத்தீனிலும், 1799இல் ஆங்கிலத்திலும் வெளிவந்தன. அவர் தம் இருப்பிடத்தில் மரத்தவளைகளையும் வளர்த்தார். அவற்றுள் ஒன்றுக்கு முசிடோரா என்று பெயரிட்டிருந்தார். ஆய்வுப் பொருளுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் இன்றைய ஆய்வகத்தில் ஐயத்துடன் நோக்கப்படலாம். ஆனால் நாள்தோறும் உடனிருந்து பேணும் கண்ணுக்கே சில செய்திகள் புலப்படும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

டவுன்சன் பயன்படுத்திய முதன்மைக் கருவி தராசு. உலர்ந்த காற்றில் தவளை எடை இழந்தது. நீரிலோ ஈரமான பரப்பிலோ வைக்கப்பட்டதும் இழந்த எடையை மீட்டது. வாய் வழியே நீர் செல்லவில்லை. அடிவயிறு ஈரத்தில் படிந்திருந்தாலே போதுமானதாக இருந்தது. தவளையின் சிறுநீர்ப்பையில் உள்ள நீர், வறண்ட காலத்திற்கான சேமிப்பு என்ற கருத்தையும் அவர் முன்வைத்தார். உறைவிடம் அமைப்பவருக்கு இதில் நேரடியான செய்தி உள்ளது: ஆழமான நீரைவிட ஈரமான தரை முதன்மையானது, அந்த ஈரத்தில் கலந்திருப்பது எதுவாயினும் அது தவளையின் உடலுக்குள் செல்லும்.

இவ்வாய்வுகள் நெடுங்காலம் போதிய கவனம் பெறவில்லை. அதே காலப் பகுதியிலும் அதன் பின்னரும் ஜெர்மன் மொழி பேசும் வீடுகளில் பரவியிருந்தது வேறொரு வழக்கம். உயரமான கண்ணாடிச் சாடியின் அடியில் சிறிது நீர். நடுவே ஒரு சிறிய மர ஏணி. மேலே துணி அல்லது துளையிட்ட மூடி. உள்ளே ஒரு மரத்தவளை. தவளை ஏணியில் ஏறினால் நல்ல வானிலை, நீருக்குள் இறங்கினால் மழை என்பது நம்பிக்கை. வெப்பமான நாள்களில் பூச்சிகள் உயரப் பறப்பதால் இரை தேடும் மரத்தவளை செடிகளில் மேலேறும் என்ற விளக்கம் திறந்த வெளிக்கு ஓரளவு பொருந்தலாம். சாடிக்குள் உயரப் பறக்கும் பூச்சியேது? ஜெர்மனியில் வானிலை அறிவிப்பாளரை ‘வானிலைத் தவளை’ என்று வேடிக்கையாக அழைக்கும் வழக்கு இன்றும் உண்டு. அச்சாடியை உறைவிடம் என்பதைவிட ஓர் அளவைக் கருவி என்பதே பொருந்தும். அதில் தவளைக்குரிய இடம், வெப்பமானியில் பாதரசத்திற்குரிய இடத்தைப் போன்றது.

பெரணிக்குச் செய்த வீடு

தவளைக்கு ஏற்ற முதல் பேழை தவளைக்காகச் செய்யப்பட்டதன்று. இலண்டனின் கிழக்குப் பகுதியில் மருத்துவராக இருந்த நத்தானியேல் பாக்ஷா வார்டு, பெரணி வளர்ப்பில் ஈடுபாடு கொண்டவர். நிலக்கரிப் புகை படிந்த நகரத்தில் அவருடைய பெரணிகள் பிழைக்கவில்லை. 1829இல் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணுடன் கண்ணாடிப் புட்டியில் மூடி வைத்திருந்தார். பூச்சிக்காகக் காத்திருந்தவர், மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்திருப்பதைக் கண்டார். மண்ணிலிருந்து எழுந்த நீராவி கண்ணாடியில் குளிர்ந்து மீண்டும் மண்ணுக்கே திரும்பியது. புகை உள்ளே வரவில்லை. 1833இல் இவ்வகைப் பேழைகள் இரண்டு செடிகளுடன் சிட்னிக்குக் கப்பலேற்றப்பட்டன. செடிகள் உயிருடன் சென்று சேர்ந்தன. இது குறித்த வார்டின் நூல் 1842இல் வெளிவந்தது. பிரிட்டனில் கண்ணாடி மீதான தீர்வை 1845இல் நீக்கப்பட்ட பின்னர், இப்பேழை நடுத்தர வகுப்பினரின் வரவேற்பறைக்கும் எட்டும் பொருளாயிற்று. இலண்டன் விலங்குக் காட்சிச் சாலையில் ஊர்வன இல்லம் 1849இலும், மீன் காட்சியகம் 1853இலும் திறக்கப்பட்டன. கண்ணாடிக்குள் உயிர்களை வைத்துக் காணும் வேட்கை அக்காலத்தின் பொதுவான பண்பாக இருந்தது.

பெரணிக்குப் பொருந்திய ஈரம் தவளைக்கும் பொருந்தியது. ஆனால் பெரணிக்குப் பொருந்திய மூடிய காற்று தவளைக்குப் பொருந்தாது. தவளை கழிவு வெளியேற்றும் உயிரி. கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியா தேங்கிய நீரில் கலந்து, அதே தோலின் வழியே உடலுக்குத் திரும்புகிறது. அசைவற்ற ஈரக்காற்றில் பூசணமும் பாக்டீரியாவும் பெருகுகின்றன. ஆகவே தவளைப் பேழைக்குக் கம்பிவலைச் சாளரம் தேவைப்பட்டது. சாளரம் திறந்தால் ஈரம் குறைந்தது. ஈரத்திற்கும் காற்றோட்டத்திற்கும் இடையிலான இவ்விழுபறி இன்று வரை தீராதது. 1884இல் பிராங்க்பர்ட்டில் வெளிவந்த யோகான் ஃபான் ஃபிஷரின் நூலும், 1897இல் இலண்டனில் வெளிவந்த கிரிகோரி கிளைமென்சன் பேட்மனின் நூலும் ஊர்வனவற்றையும் இருவாழ்விகளையும் வீட்டில் வளர்ப்பதைத் தனித்துறையாக நிலைநிறுத்தின.

வியன்னாவின் தேரைகள்

உறைவிடம் உயிரியைக் காப்பதோடு நிற்காமல் மாற்றவும் கூடுமா? 1903இல் வியன்னாவின் பிராட்டர் பூங்காவில் ஹன்ஸ் பிரிசிப்ராம் தம் நண்பர்களுடன் நிறுவிய உயிரியல் ஆய்வு நிலையம் இவ்வினாவைச் சோதனைக்கு உட்படுத்தியது. வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் அறைகள் அங்கு அமைக்கப்பட்டிருந்தன. பேழைகளை நிருவகிக்கச் சேர்ந்த பால் காம்மரர், தவளைகளையும் பல்லிகளையும் வீட்டில் வளர்த்துத் தேர்ந்தவர். அத்திறனே அவருக்கு அந்நிலையத்தின் கதவைத் திறந்தது.

‘மருத்துவச்சித் தேரை’ எனப்படும் இனம் நிலத்தில் இணைசேர்வது. ஆண் தேரை முட்டைச் சரத்தைப் பின்னங்கால்களில் சுற்றிச் சுமக்கும். காம்மரர் பேழையின் வெப்பத்தை உயர்த்தினார், தேரைகள் குளிர்ச்சி நாடி நீர்த்தொட்டியில் இறங்கின, அங்கேயே இணைசேர்ந்தன. நீரில் இணைசேரும் பிற இனங்களின் ஆண்களுக்குக் கையில் கருமையான பிடிமானத் திண்டு உண்டு. மருத்துவச்சித் தேரையில் அது இல்லை. தலைமுறைகள் கடந்தபின் தம் தேரைகளுக்கும் அத்திண்டு தோன்றி மரபுவழித் தொடர்ந்தது என்றார் காம்மரர். முதல் உலகப் போரில் வளர்ப்புத் தொகுதி அழிந்தது. எஞ்சிய ஒரே மாதிரியை 1926இல் ஆராய்ந்த ஜி. கே. நோபிள், அதன் கருமை ஊசிவழிச் செலுத்திய இந்திய மையால் ஆனது என அறிவித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் காம்மரர் தற்கொலை செய்துகொண்டார்.

மையைச் செலுத்தியவர் யார் என்ற விவாதம் நன்கு அறியப்பட்டது. ஆர்தர் கோஸ்லரின் 1971ஆம் ஆண்டு நூல் அதை மீண்டும் எழுப்பியது. உறைவிட வரலாற்றுக்கு முதன்மையானது வேறொன்று. மருத்துவச்சித் தேரையைப் பேழையில் பல தலைமுறைகள் வளர்த்தெடுக்கும் திறன் அன்று வேறு எவரிடமும் எளிதில் காணப்படவில்லை. பேழையை மீள உருவாக்க முடியாத நிலையில் முடிவைச் சரிபார்க்கவும் இயலவில்லை. வளர்ப்போரின் கைத்திறன் எழுத்தில் முழுமையாகப் பதிவாகாதபோது, சான்றும் அந்தக் கைகளோடு மறைந்துவிடுகிறது. தேரை ஆய்வு குறித்த வாதங்களில் இக்கூறு பெற வேண்டிய அளவு இடம் பெறவில்லை என்றே கருதத் தோன்றுகிறது.

கேப் டவுனிலிருந்து வந்த தொட்டி

ஈரத்திற்கும் காற்றோட்டத்திற்கும் இடையிலான இழுபறியை ஒரு தவளை முற்றாகத் தவிர்த்தது. செனோபஸ் லேவிஸ் என்னும் ஆப்பிரிக்க நகத்தவளை வாழ்நாள் முழுவதும் நீரிலேயே இருக்கும். தேங்கிய நீரையும் பொறுத்துக்கொள்ளும். அசையாத இறைச்சித் துண்டையும் உண்ணும். அதற்கு வேண்டியது மூடியிட்ட ஒரு தொட்டி மட்டுமே.

கேப் டவுனில் பணியாற்றிய லான்சலட் ஹாக்பென், மாட்டின் பிட்யூட்டரி சுரப்பிச் சாறு இத்தவளையை முட்டையிடச் செய்வதை 1930இல் அறிவித்தார். அந்நகரிலேயே ஷப்பிரோ, ஸ்வாரன்ஸ்டைன் ஆகிய இருவரும் 1933–34இல் இதைக் கருவுறுதல் சோதனையாக வளர்த்தனர். பெண்ணின் சிறுநீர் செலுத்தப்பட்ட தவளை ஒரு நாளுக்குள் முட்டையிட்டால் கருவுறுதல் உறுதி. அதற்கு முன்னிருந்த சோதனையில் எலியையோ முயலையோ கொன்று சூலகத்தைப் பார்க்க வேண்டும். தவளையோ ஓய்வுக்குப்பின் மீண்டும் பயன்பட்டது. ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் மருத்துவ ஆய்வகங்களில் நகத்தவளைத் தொட்டிகள் இடம்பெற்றன. 1960களில் நோயெதிர்ப்பு வேதியியல் சோதனைகள் வந்து தவளையின் பணியை முடித்து வைத்தன. ஆனால் அதற்குள் இத்தவளை கருவளர்ச்சி ஆய்வின் முதன்மை உயிரியாகவும், கடைகளில் விற்கும் வளர்ப்புத் தவளையாகவும் நிலைபெற்றுவிட்டது. தப்பியும் விடுவிக்கப்பட்டும் அது வேல்ஸ், கலிபோர்னியா, சிலி, பிரான்ஸ், சிசிலி, போர்ச்சுகல் ஆகிய இடங்களின் நீர்நிலைகளில் குடியேறியது. தவளையின் வெளியேற்றம் கண்ணுக்குத் தெரிந்தது; விவாதிக்கவும் பட்டது.

தொட்டிநீரின் உயிர்ப்பெருக்கம் பற்றி 1980களில் ஒரு குறிப்பு கிடைத்தது. அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் சாஸ்லாஃப், அறுவை செய்த நகத்தவளைகள் நுண்ணுயிர் மிகுந்த தொட்டிநீருக்குத் திரும்பிய பின்னும் புண் சீழ்பிடிக்காமல் ஆறுவதைக் கவனித்தார். தோலிலிருந்து சுரக்கும் நுண்ணுயிர்க்கொல்லிப் புரதத் துணுக்குகளை 1987இல் பிரித்தெடுத்து, ஹீப்ரு மொழியில் கேடயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து மகைனின் எனப் பெயரிட்டார். மருந்தியல் உலகம் அத்தோலைக் கொண்டாடியது. வலிமை மிக்க தோலை உடைய இத்தவளை, தான் நோயுறாமலே பிற இனங்களைக் கொல்லும் நோயைச் சுமந்து திரியக்கூடும் என்ற எண்ணம் அப்போது எவரையும் தடுத்து நிறுத்தவில்லை.

தவளையும் பானையும்

1998இல் ஆஸ்திரேலியாவிலும் பனாமாவிலும் கூட்டமாக மடிந்த தவளைகளின் தோலில் ஒரு கைட்ரிட் பூஞ்சை இருப்பதாக ஆய்வாளர்கள் அறிவித்தனர். அதற்குப் பெயரும் முறையான விவரிப்பும் 1999இல் கிடைத்தன. அவ்விவரிப்புக்கு உரிய பூஞ்சை காட்டிலிருந்து எடுக்கப்பட்டதன்று. வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிச் சாலையின் பேழையில் மடிந்த நீல நச்சுத்தவளையின் தோலிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது.

நச்சுத்தவளையின் பேழை வளர்ப்புக் கலையின் உச்சம் எனலாம். அடியில் வடிகால் அடுக்கு, அதன்மேல் மண்ணும் இலைச்சருகும், இலைக்கக்கத்தில் நீர் தேக்கும் செடிகள், குளோரின் நீக்கிய நீரை நாள்தோறும் பனிபோல் தூவும் குழாய், சுண்ணச்சத்தும் வைட்டமின் டியும் பூசிய சிறு பூச்சிகள் என ஒவ்வொன்றும் கணக்கிட்டு அமைக்கப்படும். காட்டில் உண்ணும் எறும்பு முதலியவற்றிலிருந்தே இத்தவளை நஞ்சைப் பெறுவதால், பேழையில் பிறந்து வளர்ந்தவற்றில் அந்நஞ்சு இருப்பதில்லை. இவ்வளவு நுணுக்கமாக அமைத்த உறைவிடத்திலேயே கொல்லும் பூஞ்சை காணப்பட்டது. பூஞ்சையின் பேரினப் பெயரான பட்ரகோகைட்ரியம் கிரேக்க மொழியில் தவளை, மண்பானை என்னும் இரு சொற்களால் ஆனது. வித்துகளைத் தாங்கும் பானை போன்ற உறுப்பைக் கருதி இடப்பட்ட பெயர் அது. தவளையைப் பானையில் வைத்தவர்களின் வரலாற்றில், பானையைத் தவளையின் தோலுக்குள் வைக்கும் உயிரிக்கு இப்பெயர் தற்செயலாகப் பொருந்திவிட்டது.

இப்பூஞ்சையின் வித்துகள் நீரில் நீந்துபவை. 17 முதல் 25 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பம் அதற்கு உகந்தது. 30 பாகைக்கு மேல் அது நிலைப்பதில்லை. குளிர்ந்த, ஈரமான, நேர்த்தியான தவளைப் பேழையின் வெப்பநிலையும் ஏறத்தாழ அதுவே. மரண முறை 2009இல் தெளிவாயிற்று. 1790இல் ஜான் வைட் விவரித்ததும், இன்று வளர்ப்போரிடையே பெரிதும் விரும்பப்படுவதுமான ஆஸ்திரேலிய பச்சை மரத்தவளையைக் கொண்டே அச்சோதனை நடத்தப்பட்டது. நோயுற்ற தோலால் உப்புகளைக் கடத்த இயலவில்லை. குருதியில் சோடியம் ஏறத்தாழ 20 விழுக்காடும், பொட்டாசியம் ஏறத்தாழ 50 விழுக்காடும் குறைந்தன, இதயம் நின்றது. டவுன்சன் தராசில் கண்ட அதே தோல்வழிப் பரிமாற்றம் இங்கு மரணத்தின் வாயிலாக அமைந்தது. 2019இல் வெளியான மதிப்பீடு ஒன்று, இந்நோயால் குறைந்த 501 இருவாழ்வி இனங்களுள் 90 அழிந்திருக்கக்கூடும் என்றது. அம்மதிப்பீட்டின் சான்றுகள் குறித்து மறுப்பும் எழுந்துள்ளது.

பூஞ்சை எங்கிருந்து வந்தது? 2004இல் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் அருங்காட்சியக நகத்தவளைகளை ஆராய்ந்து, 1938இல் சேகரித்த மாதிரியில் அதைக் கண்டனர். கருவுறுதல் சோதனைக்காக நடந்த ஏற்றுமதியே அதைப் பரப்பியது என்ற கருத்து வலுப்பெற்றது. 2018இல் மரபணு ஆய்வு கொரியத் தீபகற்பத்தை நோக்கித் திரும்பியது; பரவல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொடங்கியிருக்கலாம் என்றது. பூஞ்சையின் பல வழிகளும் வணிகத்தில் உள்ள இருவாழ்விகளிடம் காணப்பட்டன. மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளிலும் இப்பூஞ்சை 2011 முதல் பதிவாகியுள்ளது. பனாமாவில் நிகழ்ந்தது போன்ற கூட்ட மரணம் அங்கு அறியப்படவில்லை. நகத்தவளை முதற்குற்றவாளி அல்ல என்றாலும், அதன் தொட்டிநீர் பிற நாடுகளின் ஓடைகளில் கலந்தது என்ற உண்மை மாறவில்லை.

வடிகாலின் பக்கம்

2006இல் பூஞ்சை பனாமாவின் எல் வாயே பள்ளத்தாக்கை நெருங்கியபோது, அங்கிருந்த தவளைகளைக் காட்டிலிருந்து எடுத்து வருவதைத் தவிர வேறு வழி தோன்றவில்லை. காப்பகக் கட்டடம் முடியாத நிலையில், உள்ளூர்ச் சுற்றுலா விடுதியின் அறைகளில் பிளாஸ்டிக் பெட்டிகளில் தவளைகள் தங்கவைக்கப்பட்டன. பனாமாவின் தேசியச் சின்னமாகப் போற்றப்படும் பொன்தவளையும் அவற்றுள் அடங்கும். விடுதிப் பணியாளர் அறை துப்புரவு செய்வதைப்போல நாள்தோறும் பெட்டிகள் கழுவப்பட்டன. கழுவிய நீர் எங்கே போகிறது என்பது இம்முறை கேட்கப்பட்டது.

அதே பகுதியில் 2005இல் சேகரித்து 2008இல் புதிய இனமாக விவரிக்கப்பட்ட ராப் மரத்தவளை, மரப்பொந்து நீரில் முட்டையிடுவது. தலைப்பிரட்டைகள் தந்தையின் தோல் துணுக்கை உண்பதாக அவ்விவரிப்பு கூறுகிறது. அதற்கேற்ற பொந்தைப் பேழையில் அமைப்பது எப்படி என்பது கண்டறியப்படுமுன்பே இனம் சுருங்கியது. கடைசி ஆண் தவளை அட்லாண்டா தாவரவியல் தோட்டத்தில், சரக்குப் பெட்டகத்தை மாற்றியமைத்த தனியறையில் வளர்க்கப்பட்டது. 2014 டிசம்பரில் அது குரலெழுப்பியது பதிவாயிற்று. 2016 செப்டம்பர் 26இல் அது இறந்தது.

இத்தகைய பெட்டகத்தின் அமைப்பு முந்தைய பேழைகளிலிருந்து ஒரு கூறில் அடிப்படையாக வேறுபடுகிறது. தனிக் காலணி, தனிக் கையுறை, பிற தவளைகளோடு பகிராத கருவிகள் ஆகியவற்றோடு, வெளியேறும் நீரும் கிருமிநீக்கம் செய்யப்பட்ட பின்னரே வடிகாலை அடைய வேண்டும் என்பது இத்தகைய காப்பகங்களின் நெறி. வார்டின் பேழையில் நீர் வெளியேறவே இல்லை. நகத்தவளைத் தொட்டியில் அது கேள்வியின்றி வெளியேறியது. இங்கு முதன்முறையாக வடிகால் உறைவிடத்தின் ஒரு சுவராகக் கருதப்படுகிறது. இந்நெறிக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. வீட்டுத் தொட்டியின் நீரைக் கொட்டுமுன் வெளுப்புக் கரைசலைச் சேர்த்து வைத்தலும், பழைய மண்ணையும் செடியையும் தோட்டத்தில் எறியாதிருத்தலும், புதிய தவளையைச் சில வாரங்கள் தனியே வைத்தலும் எவருக்கும் இயல்வனவே. எனினும் வளர்ப்போரிடையே பேழையின் ஈரப்பதம் பற்றி நிகழும் உரையாடலில் சிறு பங்குகூட அதன் வடிகால் பற்றி நிகழ்வதில்லை.

உலக விலங்கு நல அமைப்பு 2008இல் இந்நோயை அறிவிக்கத்தக்க நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2013இல் சாலமாண்டர்களைக் கொல்லும் உறவினப் பூஞ்சை ஒன்று நெதர்லாந்தில் கண்டறியப்பட்டது. வளர்ப்பு விலங்கு வணிகமே அதை ஆசியாவிலிருந்து கொணர்ந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். அமெரிக்கா 2016 ஜனவரியில் 20 பேரினங்களைச் சேர்ந்த 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதிக்குத் தடை விதித்தது. அவ்விதி தவளைகளைத் தொடவில்லை.